புகையக்காவின் சாக்குக்கட்டி

உங்கள் வீட்டு எண் தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறதா? சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். அது உங்கள் வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். தோளில் பையும் கையில் கட்டுமாக, வெயிலில் கண் கூச, முதன்முதலாக உங்கள் தெருவுக்குள் நுழைகிறவருக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஓர் அம்மாள் விடுமுறைக் காலைகளில் தெருத் தெருவாக நடக்கிறார். ஒவ்வொரு வாசலுக்கு எதிரிலும் நின்று கழுத்தை நீட்டுகிறார், கண்ணைச் சுருக்குகிறார். எண் பளிச்சென்று தெரிந்தால் "ரொம்ப நன்றி" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்கிறார். தெரியாவிட்டால் அழைப்பு மணியை அழுத்துகிறார். கதவைத் திறப்பவர்களுக்கு இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று புரிவதில்லை.

"நன்கொடையா? போன வாரம்தானே ஒருத்தங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"நன்கொடை இல்லீங்க. உங்க வீட்டு நம்பர் என்ன?"

சொல்லி வாயை மூடுவதற்குள் கைப்பையிலிருந்து சாக்குக்கட்டி வெளியே வந்துவிடும். வீட்டுக்காரர் சுதாரிப்பதற்குள் கதவில் கொட்டை எழுத்தில் எண் விழுந்துவிடும். மழை வந்தால் அழிந்துவிடும், அதற்குள் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள் என்று சொல்லி, நன்றியும் சொல்லி, அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

இவருக்குப் புத்தி பிசகவில்லை. தேர்தலில் நிற்கும் உத்தேசமும் இல்லை. அஞ்சல் துறையின் தலைமை அலுவலகத்தில் பொறியாளர். நாடு முழுவதும் கடிதமும் பொட்டலமும் போய்ச் சேர்வதற்காகக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு கலக்கிறது, அதை எங்கே குறைக்கலாம் என்று கணக்கிடுவது அவர் வேலை. அறைக் கதவில் எழுதியிருக்கும் பதவிப் பெயரை யாரும் கடைசிச் சொல் வரை படித்ததில்லை. வேன் ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: புகையக்கா. இயக்குநரே ஒருமுறை கூட்டத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா கோபிக்கவில்லை. படித்து வாங்கிய பட்டங்களைவிட இது சுருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு கடிதம் உங்கள் கையில் விழுவதற்குள் எத்தனை இடத்தில் மூச்சு விடுகிறது என்று பார்ப்பவர் அவர். பிரிக்கும் கூடத்தில் சுழலும் நாடா, இரவும் பகலும் எரியும் விளக்கு, வேன், லாரி, விமானம், கட்டுப்போடும் பிளாஸ்டிக் பட்டை, எல்லாம் கணக்கில் உண்டு. நிற்கும் வண்டியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காற்று குறைவு என்று சொல்லிவிடுவார்; காற்று குறைந்த டயர் அதிக எண்ணெய் குடிக்கும். நின்றபடி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கண்டால் கால் தானாக அங்கே போகும். கண்ணாடியைத் தட்டி, "யாருக்காக ஓடுது?" என்பார். ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும், ஏதோ ஊரையே தீயிலிருந்து காப்பாற்றியதுபோல அத்தனை மனதாரப் பாராட்டுவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை என்பது ஓட்டுநர்களின் புலம்பல். அவர் வாசலில் தலை காட்டியதும், "மாமியார் வர்றாங்கடா" என்று ஒரு குரல் எழும். வரிசையாக இன்ஜின்கள் அடங்கும்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், கீழ்த்தளத்திலேயே பட்டறை. ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா லாரி எண்ணெய்க் கணக்கையே பேசிக்கொண்டிருக்க, மனிதர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "இதையும் எழுதிக்க. கல்யாணம் ஆனதுலேருந்து கூட்டிக்கிட்டே வா" என்றார். மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கோ வேறு கவலை. ஒரே சட்டையை மூன்று அளவில் தருவித்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்புவது அந்த அம்மாளின் வழக்கம். பொட்டலம் வந்தால் புடவைத் தலைப்பில் மறைத்து மாடிக்குக் கொண்டுபோவார். "அண்ணி, நான் வாங்கறது உங்க கணக்குலேயா வருது? உங்க நாட்டுல வேற ஜனமே இல்லையா?" என்பார். அக்கா தையல்காரரின் அளவு நாடா ஒன்றை நாத்தனாரின் பிறந்தநாளுக்குப் பரிசளித்தார். இருவரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. இப்போது ஒரே அளவில் ஒரே சட்டைதான் வருகிறது, அதுவும் மறைக்கப்படாமல்.

இத்தனை கண்டிப்புக்காரர் அஞ்சல் துறையைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசவிட மாட்டார். அவருடைய பட்டப்படிப்பு அஞ்சல் வழியில் வந்தது. வீட்டில் ஓய்வூதியத்தோடு படுக்கையில் கிடந்த அப்பா. அவரை விட்டுக் கல்லூரிக்குப் போக வழியில்லை. பாடக் கட்டுகளைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துத் தெருவுக்கு ஒட்டும் அதே தபால்தலையை ஒட்டினால் நாட்டின் மறுமுனைக்கும் போகும் என்ற ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். கும்பிட்டாலும் கிடைக்காதது, கெஞ்சினாலும் கிடைக்காதது, சாதி கேட்காமல் சொத்து கேட்காமல் வாசலுக்கு வருகிறது. மனிதர்கள் கூடி அறிவால் செய்துகொண்ட ஏற்பாடு இது; எந்த வானத்திலிருந்தும் விழவில்லை. "நான் தின்ன சோறு அப்பா போட்டது, படிச்ச படிப்பு தபால் போட்டது" என்பார் புகையக்கா.

அப்படிப்பட்டவர் கையாலேயே அந்த வாசல்களில் சில மூடப்பட இருந்தன.

இந்த ஆண்டு புகையைக் குறைத்துக் காட்டுவதாக அமைச்சகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார் இயக்குநர். எந்த வேன் பாதை மோசம் என்று வரிசைப்படுத்தித் தரச் சொன்னார். அக்கா வழக்கமான முறையில் கணக்குப் போட்டார்: வண்டி கக்கிய புகையை அது சுமந்த உருப்படிகளால் வகுத்தால், உருப்படி ஒன்றுக்கு எவ்வளவு புகை என்று வரும். நகரத்து வேன் மலையளவு சுமக்கிறது. ஆகவே அது உத்தமர். மலைக்கு அப்பால், அணையைத் தாண்டிச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் போகிற வேன் கைப்பிடியளவு சுமக்கிறது. ஆகவே அது பாவி. வரைபடத்தில் அந்தக் கடைக்கோடிப் பாதைகளெல்லாம் சிவப்பாக நின்றன. அணைப் பாதைதான் அத்தனையிலும் செக்கச் சிவப்பு. இயக்குநர் முகம் மலர்ந்தது. பத்துப் பன்னிரண்டு பாதைகளை நிறுத்திவிட்டு, அடிவார ஊரில் ஒரு பெட்டி வைத்தால் போகிறது. வேண்டியவர்கள் இறங்கி வந்து எடுத்துக்கொள்ளட்டும். நாலு வீட்டுக்காக ஒரு வண்டியா என்று கேட்டார்.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது இதுதான். கணக்கு பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில் அநியாயம் நுழைந்துகொள்ளும். பூமி சூடாவதற்குக் காரணமானவர்கள் குளிர்ந்த அறையில் கூட்டம் போட்டு, கேட்பாரில்லாதவர் தலையில் மிளகாய் அரைப்பது உலக வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எண் அவர் போட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு அடித்ததை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அணைப் பாதைக்குப் போகும் வேனில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த ஓட்டுநருக்கு ஹாரன் என்று பெயர். வளைவுக்கு வளைவு நிறுத்தி நீளமாக ஒலி எழுப்புவார். சரிவில் கதவுகள் திறக்கும். மக்கள் தாமே இறங்கி வண்டிக்கு வருவார்கள். மாத்திரைப் பொட்டலம், மூக்குக் கண்ணாடி, பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் கட்டு. ஒருவர் வாங்கும்போதே, பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, அவருடையதையும் கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுபடி வருவீர்களா என்று அக்கா கேட்டார்.

"ஆள் இல்லாம எங்கக்கா போவாங்க? நான் ஹாரன் அடிச்சா மாடு கன்னுகூட எட்டிப் பாக்கும்" என்றார் ஹாரன். "வீடு தெரியல, கதவு பூட்டியிருக்குன்னு தூக்கிக்கிட்டுத் திரும்பறதெல்லாம் டவுன் வண்டிதான். இங்க ஒரு நடை போனா ஒரு நடைதான்."

அக்கா சன்னல் வழியே பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டார்.

பாதை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும், தேனீ வளர்க்கும் ஓர் அம்மாள் தலையில் தட்டோடு வந்தார். தட்டில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டிகள். ஒரு பக்கம் கம்பி வலை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ராணித் தேனீ, துணைக்குச் சில வேலைக்காரத் தேனீக்கள், வழிச்சாப்பாட்டுக்குச் சர்க்கரைப் பாகு உருண்டை. ராணி செத்துப்போன கூடுகளுக்கு நாடெங்கும் இவர்தான் தபாலில் புது ராணி அனுப்புகிறார். அவருக்குப் பின்னால் விதைப் பொட்டலங்களோடு இருவர், நாற்றுக் கட்டோடு ஒருவர், திருத்திய விடைத்தாள்களோடு ஆசிரியை. வண்டியின் பின்புறம் நிரம்பிவிட்டது.

அக்காவை யாரென்று ஹாரன் சொன்னதும் தேனீக்காரம்மா தட்டை இறக்கி வைத்தார்.

"ஹெட் ஆபீஸ்லேருந்தா? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வந்ததில்லம்மா. இந்த வண்டி வரலன்னா என் ராணிங்க ஒண்ணுகூட உயிரோட போய்ச் சேராது. உங்களுக்கெல்லாம் என்ன கைம்மாறு செய்யப் போறேனோ."

நன்றி சொல்லியே பழகியவருக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. பைக்குள் இருந்த சிவப்பு வரைபடம் நெஞ்சில் குத்தியது. எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. பாதி மலை இறங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய கணக்கில் இந்த வண்டி காலியாகத் திரும்புகிற வண்டி. காலி வண்டி எங்கேயாவது பாடுமா?

அடிவார ஊர் அலுவலகத்தில் விடை கிடைத்தது. மலைக்கு மேல் அலைபேசிக் கோபுரம் இல்லாததால் பொட்டலத்தைப் பதிவு செய்யும் கருவி அங்கே வேலை செய்யாது. ஹாரன் வாங்கி வரும் உருப்படிகளெல்லாம் அடிவாரத்தில்தான் முதன்முதலாகப் பதிவாகும். ஆகவே அத்தனையும் அடிவார ஊர்க்காரர்கள் அனுப்பியதாகக் கணினிக்குத் தோன்றியது. ஊருக்குப் புண்ணியம், வண்டிக்குப் பாவம். கணினி என்ன செய்யும், பாவம். அதற்குக் காது இல்லை. காது உள்ளவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். "கழுதை, போட்ட கணக்கைப் பாரு" என்று, வண்டி மறுபடி கிளம்பியதும் அக்கா தன்னையே திட்டிக்கொண்டார். தன்னைத்தானா என்று சந்தேகப்பட்ட ஹாரன் வேகத்தைக் குறைத்தார்.

கணக்கு மறுபடி போடப்பட்டது. திரும்பும் சுமையைச் சேர்த்ததும் சிவப்பு வெளுத்து ஆரஞ்சானது. ஆனால் பச்சையாகவில்லை, தூரம் தூரம்தான். அதோடு விட்டிருந்தால் அவர் நேர்மையான பொறியாளர், அவ்வளவுதான். ஹாரன் போகிறபோக்கில் சொன்ன டவுன் வண்டி விஷயம் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. நகரத்தில் வீடு தெரியாமலும் கதவு திறக்காமலும் திரும்பி, மறுநாள் அதே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி போகிற இரண்டாம் நடைகளையெல்லாம் தனியாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தார். நிறுத்த நினைத்த அத்தனை மலைப் பாதைகளும் சேர்ந்து விடும் புகையைவிட அது அதிகமாக இருந்தது. உத்தமர் வேடத்தில் இருந்தவர் அகப்பட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் முதல் வாக்கியமே, முந்தைய வரைபடம் தப்பு, போட்டது நான் என்பதாக இருந்தது. இயக்குநர் கெட்டவர் அல்ல. வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர். திரும்பும் சுமை, இரண்டாம் நடை இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். இருந்தாலும் மலைப் பாதையை எடுத்துவிட்டால் கொஞ்சமாவது குறையுமே என்று இழுத்தார்.

"வண்டி போகலன்னா அவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனி வண்டியில இறங்கி வருவாங்க சார். அந்தப் புகை நம்ம கணக்குலேருந்து போகும். காத்துலேருந்து போகாது."

இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, ரெண்டாம் நடையைக் குறைக்கணும்னா ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தனும் வாசல்ல நம்பர் எழுதணும். நம்ம நோட்டீஸை எவன் படிக்கறான்? நீங்க போய் எழுதப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "எழுதறேன் சார். ரொம்ப நன்றி" என்றார் புகையக்கா. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு வருடம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் நகரத்தில் இரண்டாம் நடை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தால் கடைக்கோடிப் பாதைகள் தப்பும். குறையாவிட்டால் பழைய பட்டியல் மேசைக்குத் திரும்பும். அந்த ஒரு வருடம்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

சாக்குக்கட்டியோடு புறப்பட்ட முதல் நாள் தன் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினார். தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் எண்ணைக் காணோம். குளிர்பெட்டி பழுது பார்க்கப்படும் என்று கணவர் மாட்டிய பலகை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தெருத் தபால்காரரிடம் கேட்டதற்கு, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டில்தான் முழிப்பார்கள், அக்கா மனசு நோகுமே என்று நான் சொல்லவில்லை என்றார். கணவர் திருப்புளியோடு வந்து பலகையைக் கழற்றித் தள்ளி மாட்டினார். ஏணியிலிருந்து இறங்கும்போது, "பெருமூச்சு விட்டுக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். மாடியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து, இப்போதாவது என் பொட்டலம் நேராக வருமா என்றார். அடுத்த வாரம் எதிர்ச் சாரி வீடுகளை அந்த அம்மாளே பார்த்துக்கொண்டார்.

எல்லா வாசலும் இப்படி இளகுவதில்லை. போன வாரம் ஒருவர் கதவில் விழுந்த எண்ணை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தார். எவனோ மலையில் இருக்கிறான்; என் வீட்டு நம்பர் தெரிந்தால் அவனுக்கு என்ன வந்தது என்றார். அக்கா கோபப்படவில்லை. இங்கே ஒரு வேன் இரண்டு முறை வந்தால் அங்கே ஒரு வேன் போகாமலே போய்விடும் என்றார். பிறகு ஹாரனைப் பற்றிச் சொன்னார். தேனீக்காரம்மாவைப் பற்றிச் சொன்னார். காலி என்று எழுதப்பட்ட வண்டி மலை இறங்கும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்ததைச் சொன்னார். மனிதர் வெள்ளை படிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்து வீட்டுலயும் நம்பர் இல்லீங்க" என்றார் கடைசியில். "எதிர் வீட்டுல இருக்கு, ஆனா செடி மறைச்சிருக்கு."

புகையக்கா சாக்குக்கட்டியை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை அவரிடம் கொடுத்து, மனதார நன்றி சொன்னார். மறுபாதி இன்னும் அக்கா கையில் உங்களை நோக்கி நீட்டியபடியே இருக்கிறது. படித்தது போதும், இதழை மடித்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று, உங்கள் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். எண் தெரியவில்லை என்றால், அதை வாங்கிக்கொண்டு போய் எழுதுங்கள்.